சுனை நீரில் 16எஸ் செய்யும்போது வரும் சிக்கல்கள்: அறிகுறியைப் பார்த்து ஆளைப் பிடிப்பது

16எஸ் என்பது எல்லா பாக்டீரியாவிலும் இருக்கும் ஒரு மரபணு. அதன் எழுத்து வரிசையைப் படித்து, நீரில் எந்தெந்தப் பாக்டீரியா இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் இந்த முறை. ஏரி நீரிலும் கழிவு நீரிலும் 16எஸ் செய்து கை பழகியவர்கள் மலைச்சுனை நீரைக் கையில் எடுத்ததும் முதல் வாரத்திலேயே திணறிப்போவார்கள். முறை அதேதான். நீரை வடிகட்ட வேண்டும், வடிகட்டித் தாளிலிருந்து டிஎன்ஏ எடுக்க வேண்டும், பிசிஆர் போட்டு அந்த மரபணுவைப் பல மடங்கு பெருக்க வேண்டும், வரிசையைப் படித்துப் பெயர் தேட வேண்டும். வித்தியாசம் ஒன்றுதான்: சுனை நீரில் பாக்டீரியா மிகக் குறைவு. ஏரி நீரில் கண்ணுக்கே படாமல் போகும் சின்னத் தவறு, இங்கே முழு முடிவையும் விழுங்கிவிடும்.

கீழே இருப்பதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்களுக்கு எந்த இடத்தில் மாட்டியிருக்கிறதோ அங்கே போங்கள். ஆனால் நெகட்டிவ் கண்ட்ரோல், அதாவது சுனை நீரே சேராத வெற்றுச் சாம்பிள், பற்றிய பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். நான் பார்த்த தவறான அறிக்கைகளில் பெரும்பாலானவை அங்கேதான் பிறந்தன.

டிஎன்ஏ எடுத்தாச்சு, ஆனால் நானோட்ராப் ஒன்றுமே காட்டவில்லை

நானோட்ராப் என்பது ஒளியை வைத்து டிஎன்ஏவின் அளவைச் சொல்லும் கருவி. அது ஒன்றும் காட்டவில்லை என்று பதறி டிஎன்ஏவைக் கொட்டிவிடாதீர்கள். முதலில் ஒரு கணக்குப் போடுவோம். ஒரு மி.லி. சுனை நீரில் 10,000 செல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டரில் ஒரு கோடி. ஒரு பாக்டீரியாவின் மரபுத்தொகுதி, அதாவது அதன் முழு டிஎன்ஏ, ஏறக்குறைய 5 ஃபெம்டோகிராம் எடை. ஆக, ஒரு லிட்டரில் இருக்கும் மொத்த டிஎன்ஏவே 50 நானோகிராம்தான். எடுக்கும்போது பாதி போய்விட்டால் மிச்சம் 25. அதை 50 மைக்ரோலிட்டரில் கரைத்தால் மைக்ரோலிட்டருக்கு 0.5 நானோகிராம். நானோட்ராப் ஓரளவு நம்பும்படி காட்டத் தொடங்குவதே 2 நானோகிராமுக்கு மேல்தான்.

அதாவது, எல்லாம் சரியாக நடந்திருந்தாலும் கருவி சுழியம்தான் காட்டும். கியூபிட் போன்ற ஒளிர்சாய முறையில் அளந்து பாருங்கள். 0.5 நானோகிராம் என்பது ஒரு லட்சம் மரபுத்தொகுதி. பிசிஆருக்கு அது தாராளம்.

கியூபிட்டும் கைவிரித்தால், பின்னோக்கிப் போக வேண்டும்.

எவ்வளவு நீர் வடிகட்டினீர்கள்? 250 மி.லி., 500 மி.லி. போதாது. தெளிந்த சுனை என்றால் 5 லிட்டருக்குக் குறையாமல் வடிகட்டுங்கள், முடிந்தால் 10. இரும்புச்சத்து உள்ள ஊற்று, அதாவது கல்லில் செம்மஞ்சள் நிறத்தில் வழவழவென்று படிந்திருக்கும் இடம், சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அங்கே ஒரே தாளை வைத்து மல்லுக்கட்டாமல் இரண்டு மூன்று தாள்களாகப் பிரித்து வடிகட்டி, டிஎன்ஏ எடுக்கும்போது ஒன்றாகச் சேருங்கள்.

தாளின் துளை என்ன அளவு? 0.45 மைக்ரான் பயன்படுத்தியிருந்தால் பாதி ஆட்கள் அடியில் போயிருப்பார்கள். 0.22 தான் வழக்கம். அதையும் தாண்டிப் போகிறவை உண்டு. அமெரிக்காவின் கொலராடோவில் ரைஃபிள் என்ற இடத்து நிலத்தடி நீரில், 0.2 மைக்ரான் வடிகட்டியைக் கடந்துவந்த மிகச் சிறிய பாக்டீரியாக்களை 2015இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் பிடித்துக் காட்டினார்கள். சுனை என்பது நிலத்தடி நீர் வெளியே வரும் வாசல்தானே. இவர்களைத் தேடுவதுதான் உங்கள் வேலை என்றால், 0.22இல் இறங்கிய நீரை மறுபடி 0.1இல் வடிகட்டுங்கள்.

அப்புறம், செல் உடைந்ததா என்று பாருங்கள். கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாக்களும் வித்துகளும் வெறும் சோப்புக் கரைசலுக்கு மசியாது. லைசோசைம் போட்டு அரை மணி நேரம் வையுங்கள், அதன்பின் கண்ணாடி மணிகளோடு குலுக்குங்கள். தாளைத் துண்டு துண்டாக நறுக்கிப் போட்டால்தான் மணிகள் எல்லாப் பக்கமும் படும். சுருட்டி உள்ளே திணித்தால் உள்மடிப்பு அப்படியே இருக்கும். கடைசியில் டிஎன்ஏவைக் கரைத்து இறக்கும் கரைசலை 60 டிகிரிக்குச் சுடவைத்து, ஐந்து நிமிடம் பொறுத்துச் சுழற்றுங்கள். இந்த ஐந்து நிமிடத்தை அவசரத்தில் விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

டிஎன்ஏ இருக்கிறது, ஜெல்லில் பேண்ட் இல்லை

பிசிஆரில் பெருகிய டிஎன்ஏ ஜெல்லில் கோடாகத் தெரிவதுதான் பேண்ட். அது வராததற்கு இரண்டு காரணங்களில் ஒன்று. பிசிஆரை ஏதோ தடுக்கிறது, அல்லது பெருக்கப் போதுமான டிஎன்ஏ போகவில்லை. எது என்று தெரியாமல் பிரைமரை (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் குட்டை டிஎன்ஏ துண்டை) மாற்றுவது, வெப்பநிலையை மாற்றுவது எல்லாம் வீண் செலவு.

இரண்டே ட்யூபில் தெரிந்துவிடும். ஒன்றில் பாசிட்டிவ் கண்ட்ரோல், அதாவது கட்டாயம் பேண்ட் தரும் என்று தெரிந்த டிஎன்ஏ, மட்டும். இன்னொன்றில் அதே பாசிட்டிவ் கண்ட்ரோலோடு உங்கள் சுனைச் சாம்பிள் ஒரு மைக்ரோலிட்டர். முதலாவதில் பேண்ட் வந்து இரண்டாவதில் வராவிட்டால், உங்கள் சாம்பிளில் தடுப்பான் இருக்கிறது. இரண்டிலும் வந்தால் தடுப்பான் இல்லை, டிஎன்ஏதான் பற்றவில்லை.

தடுப்பான் என்றால் பெரும்பாலும் ஹியூமிக் அமிலம். காட்டுச் சருகு ஊறி இறங்கும் சுனைகளில் இது சகஜம். எடுத்த டிஎன்ஏவை வெள்ளைத் தாளின் மேல் பிடித்துப் பாருங்கள். நீர்த்த தேநீர் மாதிரி லேசான பழுப்பு தெரிந்தால் அதுதான். ஏரி நீராக இருந்தால் பத்து மடங்கு நீர்க்கச் செய்தாலே போதும். சுனை நீரில் நீர்க்கச் செய்தால் இருக்கிற கொஞ்சமும் போய்விடும் என்பதால் நான் முதலில் தடுப்பானைப் பிடித்துவைக்கும் பிஎஸ்ஏ புரதம் சேர்த்துப் பார்ப்பேன், மி.லி.க்கு 0.2 முதல் 0.4 மில்லிகிராம் வரை. அதற்கும் மசியாவிட்டால் தடுப்பான் நீக்கும் வடிகுழாய் (column) வழியாக இன்னொரு முறை சுத்தம் செய்யலாம்.

இன்னொரு தடுப்பானை நாமே உண்டாக்குவோம். டிஎன்ஏ குறைவாக இருக்கிறதே என்று, டிரிஸும் ஈடிடிஏவும் கலந்த டிஇ கரைசலில் இறக்கிய 50 மைக்ரோலிட்டரை வெற்றிடத்தில் வற்றவைத்து 10 ஆக்குவார்கள். டிஎன்ஏ ஐந்து மடங்கு அடர்த்தியாகும், சரி. கூடவே ஒரு மில்லிமோலாராக இருந்த ஈடிடிஏவும் ஐந்தாகும். அதில் 5 மைக்ரோலிட்டரை 25 மைக்ரோலிட்டர் பிசிஆரில் விட்டால், அங்கே 1 மில்லிமோலார் ஈடிடிஏ. பிசிஆரை நடத்தும் டாக் நொதிக்கு வைத்திருக்கும் மெக்னீசியமே 1.5 தான். மூன்றில் இரண்டு பங்கை ஈடிடிஏ பிடித்துக்கொண்டால் நொதி எதை வைத்து வேலை செய்யும்? வற்றவைக்கும் எண்ணம் இருந்தால் ஆரம்பத்திலேயே ஈடிடிஏ இல்லாத டிரிஸ் கரைசலில் இறக்கிவிடுங்கள்.

டிஎன்ஏதான் குறைவு என்று தெரிந்தால், 27எஃப், 1492ஆர் என்ற பிரைமர் ஜோடியை விட்டு விலகுங்கள். அது ஏறக்குறைய 1,500 எழுத்து நீளத்தை ஒரே மூச்சில் பெருக்க வேண்டும். சிதைந்த டிஎன்ஏவில் அது நடக்காது. 341எஃப், 785ஆர் ஜோடி சுமார் 460 எழுத்துதான். அது வந்துவிடும்.

நெகட்டிவ் கண்ட்ரோலிலும் பேண்ட் வருகிறது

இதுதான் சுனை நீரின் மையச் சிக்கல்.

முதலில், எந்த நெகட்டிவ்? ஒன்று போதாது, மூன்று வேண்டும். பிசிஆரில் டிஎன்ஏவுக்குப் பதில் நீர் மட்டும் விட்ட ட்யூப் ஒன்று. நீர் எதுவும் வடிகட்டாத புதுத் தாளிலிருந்து, மற்ற சாம்பிளோடு சேர்த்தே டிஎன்ஏ எடுத்தது இன்னொன்று. மூன்றாவது, லேபிலிருந்து சுத்தமான நீரைப் பாட்டிலில் சுனைக்கே கொண்டுபோய், அங்கே மூடியைத் திறந்து, அதே குழாய், அதே பம்பு வழியாக வடிகட்டி எடுத்துவந்தது. இந்த மூன்றாவதை யாரும் எடுப்பதில்லை. மலையேறி இறங்குகிற களைப்பில் கூடுதலாக ஒரு பாட்டில் சுமப்பது சிரமம்தான், தெரியும். ஆனால் அது இல்லாமல் வந்த பெயர்ப் பட்டியலை நான் நம்ப மாட்டேன்.

மூன்றையும் வைத்திருந்தால் குற்றவாளியைப் பிடிப்பது சுலபம். மூன்றிலும் பேண்ட் இருந்தால் பிசிஆர் கலவையில்தான் கோளாறு. முதலாவது சுத்தம், இரண்டாவதில் மட்டும் தொடங்குகிறது என்றால் டிஎன்ஏ எடுக்கும் கிட்டிலோ வடிகட்டித் தாளிலோ. மூன்றாவதில் மட்டும் என்றால் பாட்டில், குழாய், அல்லது கொண்டுபோன நீர்.

கிட்டிலேயே பாக்டீரியா டிஎன்ஏ இருக்குமா என்று மாணவர்கள் நம்பாமல் கேட்பார்கள். இருக்கும். 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சால்மோனெல்லா போங்கோரி என்ற ஒரே பாக்டீரியாவின் தூய வளர்ப்பைப் பத்துப் பத்து மடங்காக நீர்க்கச் செய்துகொண்டே போய், ஒவ்வொன்றிலும் டிஎன்ஏ எடுத்து வரிசை படித்தார்கள். முதலில் சால்மோனெல்லாதான் வந்தது. நீர்க்க நீர்க்க, ட்யூபில் போடவே போடாத பாக்டீரியாக்களின் பெயர்கள் கூடிக்கொண்டே வந்து கடைசியில் அவையே பெரும்பான்மை ஆகிவிட்டன. எல்லாம் கிட்டிலிருந்தும் கரைசல்களிலிருந்தும் வந்தவை. சுனை நீர் அந்த நீர்த்த முனைக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது.

டாக் நொதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த நொதி முதலில் ஓர் ஊற்றிலிருந்துதான் வந்தது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் தாமஸ் பிராக்கும் ஹட்சன் ஃப்ரீஸும் கண்டுபிடித்து 1969இல் அறிவித்த தெர்மஸ் அக்வாட்டிகஸ்தான் அதன் பிறப்பிடம். இன்றைக்குக் கடையில் வாங்குவதில் பெரும்பாலானவை ஈ.கோலைக்குள் அந்த மரபணுவை வைத்துத் தயாரித்தவை. தயாரித்த ஈ.கோலையின் டிஎன்ஏ துணுக்கு நொதியோடு ஒட்டி வரலாம். சாதாரண நொதியை வைத்து 40 சுற்று ஓட்டி, சுனையில் ஈ.கோலை என்று அறிக்கை எழுதினால், அது நொதி ட்யூபிலிருந்து வந்த ஈ.கோலையாகவும் இருக்கலாம். பாக்டீரியா டிஎன்ஏ நீக்கிய நொதி தனியாகக் கிடைக்கிறது. விலை கூடுதல்தான், இந்த வேலைக்கு அதைத்தான் வாங்க வேண்டும்.

என் கதையைச் சொல்கிறேன். ஒரு மழைக்காலத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மூன்று சுனைகளில் சாம்பிள் எடுத்தோம். ஒன்று பாறை இடுக்கு, ஒன்று வாழைத் தோட்டத்து ஓரம், ஒன்று கோயில் பின்புறம். மூன்றிலும் ரால்ஸ்டோனியா என்ற பாக்டீரியாவே முதலிடம். மலை முழுக்க ஒரே நீரடுக்கு ஓடுகிறதோ என்று நானும் உடன் வேலை செய்த தம்பியும் இரண்டு நாள் வரைபடத்தை வைத்துக்கொண்டு பேசினோம். அப்புறம்தான் அவன் கேட்டான்: “அண்ணா, நம்ம தண்ணி மிஷின் தொட்டியை எப்ப கழுவினோம்?” லேபுக்கு நீரைச் சுத்தப்படுத்தித் தரும் அந்த மிஷினின் தொட்டி நீரை நேரே வடிகட்டி டிஎன்ஏ எடுத்தோம். அதே ரால்ஸ்டோனியா, எழுத்துக்கு எழுத்து. எல்லாக் கரைசலும் அந்த நீரில் செய்தவை. மூன்று சுனைக்கும் மறுபடி ஏறினோம்.

அந்த நீரை நாங்கள் ஆட்டோகிளேவில், அதாவது அழுத்த நீராவியில், வைத்து எடுத்துத்தான் பயன்படுத்தினோம். இதை அழுத்திச் சொல்ல வேண்டும்: ஆட்டோகிளேவ் பாக்டீரியாவைக் கொல்லும், அதன் டிஎன்ஏவை முழுக்க அழிக்காது. கிருமி இல்லாத நீர் வேறு, டிஎன்ஏ இல்லாத நீர் வேறு. பிசிஆருக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

சரி, என்ன செய்வது? மேசையையும் பைபெட்டையும் நீர்த்த பிளீச்சால் துடைத்து, பிறகு நல்ல நீரால் துடையுங்கள். பிசிஆர் கலவை சேர்க்கும் இடமும் ஜெல் ஓட்டும் இடமும் வேறு வேறு அறையாக இருக்கட்டும். பெருக்கிய ட்யூபைக் கலவை அறையில் திறக்கவே கூடாது. ஃபில்டர் டிப் மட்டும். சுற்றுகளை 30க்குள் வையுங்கள். பேண்ட் மங்கலாக இருக்கிறதே என்று 30ஐ 40 ஆக்கினால், ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பதால், 1,024 மடங்கு கூடும், சுனைக்கும் கூடும், அழுக்குக்கும் கூடும். ஒரே பேட்ச் கிட்டில் எல்லாச் சாம்பிளையும் முடியுங்கள். பாதியில் பேட்ச் மாறினால் புது நெகட்டிவ் போடுங்கள்.

இவ்வளவும் செய்தும் நெகட்டிவில் மெல்லிய பேண்ட் நின்றால், அதையும் சாம்பிளோடு சேர்த்து வரிசை படிக்க அனுப்புங்கள். பேண்ட் இல்லாவிட்டாலும் அனுப்பத்தான் வேண்டும். பின்னால் டீகன்டாம் போன்ற நிரலை வைத்து, எந்தப் பெயர் நெகட்டிவில் அடிக்கடி தலைகாட்டுகிறது, எது டிஎன்ஏ குறையக் குறையக் கூடுகிறது என்று பிரிக்கலாம். நெகட்டிவில் வந்த எல்லாப் பெயரையும் கண்ணை மூடிக்கொண்டு நீக்கிவிடாதீர்கள். ஸ்பிங்கோமோனாஸ், சூடோமோனாஸ், மெத்திலோபாக்டீரியம் எல்லாம் கிட்டிலும் வரும், சுனையிலும் உண்மையாகவே வாழும். எழுத்து வரிசை அச்சாக ஒன்றா, சாம்பிளில் எத்தனை பங்கு, நெகட்டிவில் எத்தனை பங்கு என்று பார்த்து ஒவ்வொன்றாக முடிவெடுக்க வேண்டியதுதான்.

ஜெல்லில் பட்டையாக இழுக்கிறது, பல பேண்ட் தெரிகிறது

பிரைமர் ஒட்டும் வெப்பநிலையை இரண்டிரண்டு டிகிரியாக ஏற்றுங்கள், சுற்றைக் குறையுங்கள். தட்டில் வளர்ந்த காலனியிலிருந்து (ஒரே பாக்டீரியா பெருகிய குவியலிலிருந்து) நேரே பிசிஆர் போட்டிருந்தால் குச்சி நுனியில் அதிகம் அள்ளியிருப்பீர்கள். கண்ணுக்குத் தெரியும் அளவே அதிகம்தான். தொட்டு எடுத்தால் போதும்.

சேங்கர் வரிசையில் இரட்டை உச்சிகள்

சேங்கர் என்பது ஒரு நேரத்தில் ஒரே டிஎன்ஏவின் வரிசையை மட்டும் படிக்கும் முறை. ஒவ்வோர் எழுத்தும் ஓர் உச்சியாகத் தெரியும் குரோமட்டோகிராம் படத்தைத் திறந்து எங்கிருந்து இரட்டிக்கிறது என்று பாருங்கள். அதை வைத்தே காரணத்தைச் சொல்லிவிடலாம்.

முதல் எழுத்திலிருந்தே குழப்பம் என்றால், பிசிஆர் பொருளைச் சுத்தம் செய்யாமல் அனுப்பி, மிச்சமிருந்த பிரைமர் இரண்டு பக்கமும் படித்திருக்கலாம். அல்லது காலனி கலப்படம். மறுபடி மூன்று முறை கோடிழுத்துத் தனிக் காலனி எடுங்கள். சுனை நீர் டிஎன்ஏவின் பிசிஆரையே நேரடியாகச் சேங்கருக்கு அனுப்பியிருந்தால் இரட்டை வராமல் வேறென்ன வரும்? நூறு பாக்டீரியா ஒரே நேரத்தில் பேசுகின்றன. அதைக் குளோன் செய்து பிரிக்க வேண்டும், அல்லது பல டிஎன்ஏவைத் தனித்தனியாகப் படிக்கும் இலுமினா, நானோபோர் வழியில் படிக்க வேண்டும்.

180, 200 எழுத்து வரை கண்ணாடி மாதிரி தெளிவு, அதற்கப்புறம் திடீரென்று எல்லாமே இரட்டை. எதிர்ப்பக்கத்திலிருந்து படித்தால் அங்கேயும் அதே இடம் வரை தெளிவு. இதைப் பார்த்துக் கலப்படம் என்று காலனியைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரே பாக்டீரியாவுக்குள் 16எஸ் மரபணு பல பிரதிகளாக இருக்கும். ஈ.கோலையில் 7, பேசில்லஸ் சப்டிலிஸில் 10. அதில் ஒரு பிரதியில் ஓர் எழுத்து கூடியோ குறைந்தோ இருந்தால், அந்த இடத்திலிருந்து இரண்டு வரிசைகள் ஓர் எழுத்து தள்ளித் தள்ளி ஓடும். இரண்டு பக்க வாசிப்பையும் அந்த இடத்தில் இணைத்துக்கொள்ளுங்கள், போதும்.

பிளாஸ்டில் “வளர்க்கப்படாத பாக்டீரியா” என்றே வருகிறது, அல்லது பத்துப் பெயர் ஒரே மதிப்பெண்ணில்

பிளாஸ்ட் என்பது உங்கள் வரிசையைப் பொதுத் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டுப் பெயர் தேடும் நிரல். முதலாவதற்கு வழி எளிது. தேடும் பக்கத்திலேயே, வளர்க்கப்படாத சுற்றுச்சூழல் வரிசைகளை விலக்கும் கட்டத்தில் டிக் போடுங்கள். அல்லது இனத்துக்குப் பெயர் வைக்க ஆதாரமான மாதிரி வளர்ப்புகளின் வரிசையோடு ஒப்பிட உதவும் ஈஇசட்பயோகிளவுட் தரவுத்தளத்தில் தேடுங்கள். அங்கேயும் 90 சதவீதத்துக்குக் கீழேதான் ஒற்றுமை என்றால், அது உண்மையிலேயே யாரும் வளர்த்திராத ஒன்றாக இருக்கலாம். சுனையில் அது சகஜம். ஆனால் முதலில் வரிசையின் வாலை வெட்டினீர்களா என்று பாருங்கள். சேங்கரில் முதல் 30, 40 எழுத்தும் 700, 800க்குப் பிறகு வருவதும் நம்பத் தகுந்தவை அல்ல.

இரண்டாவது, பல பெயர்கள் ஒரே மதிப்பெண்ணில் வருவது. இது தவறில்லை, 16எஸின் எல்லை. ஈ.கோலையையும் ஷிகெல்லாவையும் அது பிரிக்காது. பேசில்லஸ் சீரியஸ், துரிஞ்சியென்சிஸ், ஆந்த்ராசிஸ் மூன்றும் அதன் கண்ணுக்கு ஒன்றுதான். மலைச்சுனை மண்ணில் சீரியஸ் சாதாரணமாக இருக்கும். பட்டியலில் மேலே நிற்கிறதே என்று ஆந்த்ராக்ஸ் பாக்டீரியாவின் பெயரை அறிக்கையில் எழுதி ஊரைக் கலவரப்படுத்திவிடாதீர்கள். “பேசில்லஸ் சீரியஸ் குழு” என்று எழுதுவதே நேர்மை. சூடோமோனாஸ்களைப் பிரிக்க ஆர்பிஓடி அல்லது ஜைர்பி மரபணுவைக் கூடுதலாகப் படிக்க வேண்டும்.

இனம் என்று சொல்ல, கிட்டத்தட்ட முழு 16எஸில் 98.7 சதவீத ஒற்றுமையாவது வேண்டும் என்பது இப்போதைய வழக்கம். இது முழு நீளத்துக்குச் சொன்னது. 16எஸின் ஒரு துண்டான வி4 பகுதியின் 253 எழுத்தை மட்டும் படித்துவிட்டு அதே அளவுகோலை வைப்பதைப் பார்க்கிறேன். அங்கே இரண்டு எழுத்து மாறினாலே 99.2க்கு வந்துவிடும். குட்டைத் துண்டில் பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பட்டியலில் குளோரோபிளாஸ்ட், மைட்டோகாண்ட்ரியா என்று வந்தால் கவலை வேண்டாம். பசுங்கணிகத்தின் மூதாதை சயனோபாக்டீரியா. அதற்கும் 16எஸ் உண்டு. வெயில் படும் சுனையில் பாசி இருந்தால் அது வரும், நீக்கிவிட்டுக் கணக்கிடுங்கள். கியூட்டிபாக்டீரியமும் ஸ்டெஃபைலோகாக்கஸும் மேலே நின்றால் அது பெரும்பாலும் நம் தோல். கையுறையை எப்போது மாற்றினீர்கள் என்று யோசியுங்கள்.

தட்டில் ஒன்று, மரபணுவில் வேறொன்று

அகர் தட்டில் வளர்ந்தது வரிசைப் பட்டியலில் இல்லையென்றால் அது வித்தாக இருந்து உடையாமல் போயிருக்கலாம், அல்லது நூறில் ஒன்றுக்கும் குறைவான பங்காக இருந்து தட்டில் மட்டும் கொழுத்திருக்கலாம். பாட்டிலையும் சந்தேகியுங்கள். சுனை நீரைப் பாட்டிலில் அடைத்து வெயிலில் ஆறேழு மணி நேரம் கொண்டுவந்தால், வேகமாகப் பெருகும் சிலது உள்ளேயே பெருகி மற்றதை அமுக்கிவிடும். ஊற்றுக்கண்ணிலேயே பிடித்து, அங்கேயே வடிகட்டி, தாளை ஐஸில் வைத்துக் கொண்டுவருவதுதான் நல்லது. தட்டும் சத்து மிகுந்த அகராக இருக்கக் கூடாது. சுனைவாசிகள் பட்டினிக்குப் பழகியவர்கள். ஆர்2ஏ அகரில் 20 முதல் 28 டிகிரியில் ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள்.

மறுபக்கம்தான் ஊரில் பிரச்சினை ஆகும்: மரபணுவில் ஈ.கோலை, தட்டில் இல்லை. நொதியின் ஈ.கோலை இல்லை என்று நெகட்டிவ் வழியாக உறுதி செய்துவிட்டீர்கள் என்றால், அடுத்த சந்தேகம் செத்த செல்லின் டிஎன்ஏ. பிஎம்ஏ சாயம் உடைந்த உறை வழியாக மட்டும் உள்ளே போய், நீல ஒளி பட்டதும் டிஎன்ஏவோடு ஒட்டி அதைப் பெருக விடாமல் செய்யும். மிச்சம் பெருகுவது முழு உறை உள்ள செல்கள். இதை நீர் புதிதாக இருக்கும்போதே செய்ய வேண்டும். ஃப்ரீசரில் வைத்து எடுத்த தாளில் செய்து பயனில்லை. உறைந்ததிலேயே உயிருள்ள செல்லின் உறையும் கிழிந்திருக்கும்.

சாம்பிள் எடுக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்த ஊர்க்காரர்கள், “இதைக் குடிக்கலாமா, தம்பி?” என்று கட்டாயம் கேட்பார்கள். 16எஸ் பட்டியலை வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. இந்தியக் குடிநீர்த் தர விதி ஐஎஸ் 10500, 100 மி.லி. நீரில் ஈ.கோலை ஒன்றுகூடக் கண்டறியப்படக் கூடாது என்கிறது. அதைச் சோதிப்பது வளர்ப்பு முறையில். அதனால் ஒவ்வொரு முறை ஏறும்போதும் அந்த 100 மி.லி.க்குத் தனியாக ஒரு கிருமி நீக்கிய பாட்டில் எடுத்துப் போங்கள். ஐஸில் வைத்து, அன்று மாலைக்குள் தட்டில் போட்டு, முடிவைக் கேட்டவரிடமே தொலைபேசியில் சொல்லுங்கள். வரிசைப் பட்டியல் வர மாதக்கணக்கு ஆகலாம். அவர்கள் நாளைக் காலையிலும் அங்கேதான் குடத்தை வைப்பார்கள்.